வரி யாருடையது, வாய் யாருடையது? நூறாண்டுக்கு முந்தைய ஆங்கில நாவல்களில் வரும் இலக்கியக் குறிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கியக் குறிப்பு என்கிறீர்களே, அது மேற்கோள்தானே?

மேற்கோள் காட்டுகிறவர் யார் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். இலக்கியக் குறிப்பு பழைய நூலின் ஒரு துண்டை மட்டும் பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போகும். மீதியைப் படிக்கிறவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போன பையன் வாசலிலேயே “கண்டேன் சீதையை” என்றால், கம்பன் பெயரும் வேண்டாம், அனுமன் பெயரும் வேண்டாம். வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குப் புரிந்துவிடும். அந்த வேலையைத்தான் இந்த நாவல்களில் ஷேக்ஸ்பியரும் பைபிளும் செய்கின்றன.

சுமாராக 1899 முதல் 1930 வரை வந்த நாவல்களைப் பற்றியது இந்தப் பக்கம். ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு வரி எந்த நூலிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தவுடன் பலரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி யார் வாயில் வருகிறது, அவருக்கு அது எப்படிக் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன ஆனார் என்பதையும் பார்த்தால்தான் நாவல் திறக்கும்.

அந்தக் காலத்து நாவல்களில் ஏன் இவ்வளவு பழைய வரிகள்?

படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் பொதுவாகச் சில புத்தகங்கள் இருந்தன. 1611-இல் வந்த ஆங்கில பைபிளையும் தேவாலய வழிபாட்டு நூலையும் பிள்ளைப் பருவம் முதல் காதால் கேட்டே வளர்ந்தார்கள். பள்ளியில் ஷேக்ஸ்பியர், டென்னிசன். வசதியான வீட்டுப் பையன்களுக்கு லத்தீனும் கிரேக்கமும்.

இன்னொரு காரணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1870-இல் வந்த கல்விச் சட்டம் இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிகளைப் பரவலாக்கியது. அடுத்த தலைமுறையில் எழுத்தர்கள், கடைச் சிப்பந்திகள், தொழிலாளிகள் எனப் புதிதாக ஒரு பெரிய வாசகர் கூட்டமே உருவானது. அவர்களுக்காக 1901-இல் ‘வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ்’ வரிசையும் 1906-இல் ‘எவ்ரிமேன்ஸ் லைப்ரரி’ வரிசையும் மலிவு விலையில் பழைய இலக்கியங்களைக் கொண்டுவந்தன. பரம்பரையாகப் புத்தக அலமாரி வைத்திருந்தவர்களின் வரிகள், அலமாரியே இல்லாத வீடுகளுக்குள்ளும் போயின. அந்தக் காலத்து நல்ல நாவலாசிரியர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்று எழுதுகிறார்கள்.

குறிப்புகள் தெரியாமல் படித்தால் நாவல் புரியாதா?

கதை புரியும். முதல் வாசிப்புக்கு அது போதும்.

ஒரே ஒரு குறிப்பை எடுத்து, அது நாவலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட முடியுமா?

வர்ஜீனியா வூல்ஃபின் ‘மிஸஸ் டாலவே’யை எடுத்துக்கொள்வோம். 1925-இல் வெளியானது. கதை 1923 ஜூன் மாதத்தில், லண்டனில், ஒரே நாளில் நடக்கிறது. ஐம்பதைத் தாண்டிய கிளாரிஸா டாலவே அன்றிரவு தன் வீட்டில் நடக்கவிருக்கும் விருந்துக்குப் பூ வாங்கக் காலையில் கிளம்புகிறாள். காய்ச்சலில் படுத்து எழுந்தவள், இதயம் பலவீனம். பிக்கடிலியில் ஹாட்சர்ட்ஸ் புத்தகக் கடையின் கண்ணாடிக்கு முன் நிற்கிறாள். உள்ளே விரித்து வைத்த புத்தகத்தில் இரண்டு வரிகள் கண்ணில் படுகின்றன: இனி வெயிலின் வெம்மைக்கு அஞ்சாதே, கடுங்குளிரின் சீற்றத்துக்கும் அஞ்சாதே.

ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தில் நான்காம் அங்கத்தில் வரும் பாட்டு அது. ஆண் வேடத்தில் இருக்கும் நாயகி இமோஜென் மயக்க மருந்தால் அசைவற்றுக் கிடக்கிறாள். இறந்துவிட்டதாக நினைத்து இரண்டு இளைஞர்கள் அவளுக்குப் பாடும் இரங்கற்பா. அவளோ சாகவில்லை, சற்று நேரத்தில் எழுந்துவிடுவாள். உயிரோடு இருப்பவளுக்குப் பாடப்படும் ஒப்பாரி. நோயிலிருந்து எழுந்து பூ வாங்கப் போகிறவளின் கண்ணில் இந்தப் பாட்டு படுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

வரி அங்கேயே நின்றுவிடுவதில்லை. லேடி புரூட்டன் தன்னை விட்டுவிட்டுக் கணவரை மட்டும் மதிய விருந்துக்கு அழைத்திருக்கிறாள் என்று தெரியும்போது கிளாரிஸாவின் மனதில் மறுபடி வருகிறது. விருந்துக்கு உடுத்தப்போகும் பச்சை உடையின் கிழிசலைத் தைக்கும்போது ஊசியின் போக்கோடு சேர்ந்து வருகிறது. பிற்பகலில், இவளை வாழ்நாளில் பார்த்தே இராத செப்டிமஸ் ஸ்மித் என்ற இளம் எழுத்தன் ஒரு வாடகை அறையில் சோபாவில் படுத்திருக்கும்போது அவனுக்குள்ளும் அதே சொற்கள் எழுகின்றன. அவன் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பியவன். அன்று மாலை மருத்துவர் உள்ளே வரும்போது ஜன்னல் வழியே விழுந்து உயிரை விடுகிறான். அந்தச் செய்தி, பெயர்கூட இல்லாமல், கிளாரிஸாவின் விருந்துக்கு வருகிறது. அவள் கூட்டத்திலிருந்து விலகித் தனி அறைக்குப் போய் நிற்கிறாள். மறுபடி அதே வரி.

இருவரும் சந்திக்கவே இல்லை. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. அந்தப் பாட்டைத் தவிர அவர்களை இணைக்க நாவலில் வேறு கயிறு அதிகம் இல்லை. பாட்டின் முதல் பத்தி, பொன்போன்ற இளைஞர்களும் இளம்பெண்களும் புகைக்கூண்டு துடைப்பவர்களைப் போலவே கடைசியில் புழுதியாவார்கள் என்று முடிகிறது. வூல்ஃப் இந்த வரிகளை நாவலில் எடுத்தெழுதவில்லை. ஆனால் அமைச்சர்களும் பிரதமரும் வரும் வீட்டின் சீமாட்டியையும் வாடகை அறையில் இருக்கும் எழுத்தரையும் ஒரே பாட்டுக்குள் அவர் வைத்திருக்கும் காரணம் அந்த எழுதாத வரிகளில் இருக்கிறது.

அந்த நாவலில் ஷேக்ஸ்பியரை உண்மையில் யார்தான் படிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு என் நன்றி. யார் படிப்பதில்லை என்று தொடங்குவோம். நாடாளுமன்ற உறுப்பினரான ரிச்சர்ட் டாலவே, ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகள்) ஒரு கண்ணியமான மனிதன் படிக்கக்கூடாது, சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்பது போன்றது என்கிறார். தேசபக்தி ததும்பும் லேடி புரூட்டனுக்கு ஷேக்ஸ்பியரைப் படிக்காமலே இங்கிலாந்து ரத்தத்தில் ஓடுகிறதாம். மனநல மருத்துவர் சர் வில்லியம் பிராட்ஷாவுக்குப் படிக்க நேரமே கிடைத்ததில்லை.

படித்தவன் செப்டிமஸ். சிறு ஊரிலிருந்து லண்டனுக்கு ஓடிவந்த பையன். வாட்டர்லூ ரோட்டில் மிஸ் இசபெல் போல் நடத்தும் வகுப்புக்குப் போகிறான். அவள் புத்தகம் கொடுக்கிறாள். இவன் அவளுக்குக் கவிதை எழுதுகிறான். அவள் அதன் பொருளைக் கண்டுகொள்ளாமல் சிவப்பு மையில் பிழை திருத்தித் தருகிறாள். போர் வந்ததும் முதல் ஆட்களில் ஒருவனாகச் சேர்கிறான். அவன் காப்பாற்றப் போன இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் பச்சை உடையில் நடந்துபோகும் மிஸ் போலும் தவிர வேறெதுவும் அனேகமாக இல்லை என்கிறார் வூல்ஃப். நாட்டை ஆள்கிறவர்கள் படிக்காத புத்தகத்துக்காக எழுத்தர் சாகப் போகிறார். திரும்பி வந்து ‘ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா’வைப் பிரித்தால், சொற்களின் போதை முழுக்க வற்றிப்போயிருக்கிறது, ஷேக்ஸ்பியர் மனிதகுலத்தையே வெறுத்தவர் என்று அவனுக்குப் படுகிறது.

வாட்டர்லூ ரோடு சும்மா வந்த பெயரில்லை. அங்கே இயங்கிய மோர்லி கல்லூரியில் வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் 1905 முதல் 1907 வரை மாலை வகுப்பு எடுத்தவர் வூல்ஃப். செப்டிமஸ் உட்கார்ந்த பெஞ்சை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

இ. எம். ஃபார்ஸ்டரின் ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ நாவலில் லெனார்ட் பாஸ்ட் ஏன் புத்தக அலமாரி சரிந்து சாகிறான்? கொஞ்சம் செயற்கையாக இல்லையா?

செயற்கைதான். ஆனாலும் அந்தக் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1910-இல் வந்த நாவல். லெனார்ட் ஒரு தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்தன். இருட்டான, காற்றில்லாத வாடகை வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கலை விமர்சகர் ரஸ்கினின் ‘தி ஸ்டோன்ஸ் ஆஃப் வெனிஸ்’ நூலை எடுத்துவைத்துக்கொள்கிறான். வெனிஸுக்கு வடக்கே ஏழு மைல் தொலைவில் இருக்கும் தீவைப் பற்றி ரஸ்கின் நீண்ட, அலை அலையான வாக்கியங்களில் வருணிக்கிறார். அந்த வாக்கிய ஓட்டத்தைத் தன் வாழ்க்கைக்குப் பயன்படுத்த முடியுமா என்று லெனார்ட் முயன்று பார்க்கிறான். அவனுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: என் வீடு இருட்டு, புழுக்கமும்கூட. ரஸ்கினின் குரல் முயற்சியைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் இனிமையாகப் பேசிக்கொண்டே போகிறது. அழுக்கும் பசியும் அறியாத, அவை எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் முடியாத ஒருவரின் குரல் அது என்று ஃபார்ஸ்டர் குறிக்கிறார்.

பிறகு ஒரு நாள், புத்தகங்களில் படித்ததுபோல் இயற்கையை அனுபவிக்க இரவெல்லாம் தனியாகக் காட்டில் நடக்கிறான். பணக்கார ஷ்லேகல் சகோதரிகளிடம் அதைச் சொல்லும்போது மெரடித், ஸ்டீவன்சன் என்று எழுத்தாளர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறான், அவர்கள் சலிக்கிறார்கள். விடியல் அற்புதமாக இருந்ததா என்று ஹெலன் கேட்கிறாள். “இல்லை” என்கிறான். அந்த ஒரு சொல்லில்தான் அவன் முதன்முதலாகத் தன் குரலில் பேசுகிறான். அவர்களுக்கு அவனைப் பிடித்துப்போவதும் அப்போதுதான்.

கடைசியில் பணக்கார வணிகக் குடும்பத்து சார்லஸ் வில்காக்ஸ் அவனை ஷ்லேகல் குடும்பத்து வாளைத் திருப்பி, அதன் தட்டைப் பக்கத்தால் அடிக்கிறான். லெனார்ட் பிடிமானத்துக்கு அலமாரியைப் பற்றுகிறான். புத்தகங்கள் மேலே கொட்டுகின்றன. பலவீனமான இதயம் நின்றுவிடுகிறது. அந்த அலமாரியும் புத்தகங்களும் வாளும் அந்த வீட்டுப் பெண்களுடையவை. அவன் வாழ்நாள் முழுக்க எட்டிப் பிடிக்க நினைத்ததை ஒரே ஒருமுறை கையால் பிடித்தான். செயற்கை என்று தெரிந்தும் ஃபார்ஸ்டர் இதை எழுதத் துணிந்தார் என்பதால்தான் காட்சி மறப்பதில்லை.

ஃபார்ஸ்டர் லெனார்டைக் கேலி செய்கிறாரா?

சில இடங்களில் ஆம். மிக ஏழைகளைப் பற்றி நமக்கு இங்கே பேச்சில்லை, அவர்கள் புள்ளிவிவரக்காரருக்கோ கவிஞருக்கோ உரியவர்கள் என்று எழுதுகிறார். அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. லெனார்டின் மனைவி ஜாக்கியை அவர் வரைந்திருக்கும் விதமும் அப்படித்தான். ஆனால் அவர் 1902 முதல் லண்டன் தொழிலாளர் கல்லூரியில் மாலை வகுப்பில் லத்தீன் கற்பித்தவர். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து உட்காரும் முகங்களைத் தெரிந்தவர். கேலியும் குற்ற உணர்வும் ஒரே பத்தியில் வரும் நாவல் அது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வூல்ஃபின் ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலில் மிஸ்டர் ராம்சே ஏன் தோட்டத்தில் கத்திக்கொண்டே நடக்கிறார்?

அவர் கத்துவது டென்னிசனின் வரிகள். 1854-இல், கிரிமியப் போரில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கட்டளையால் பிரிட்டிஷ் குதிரைப் படை ஒன்று நேராகப் பீரங்கிகளின் முன் பாய்ந்து அழிந்தது. டென்னிசன் அதைப் பாட்டாக்கினார். “யாரோ தவறிழைத்துவிட்டார்” என்பது அதில் ஒரு வரி. தத்துவப் பேராசிரியரான ராம்சே தன்னைத் தோற்ற வீரனாகக் கற்பனை செய்துகொண்டு, லில்லி பிரிஸ்கோ ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை நோக்கி அந்த வரியை முழங்கியபடி வருகிறார். முதல் பகுதியில் இது சிரிப்பாக இருக்கிறது.

நடுப் பகுதியில் முதல் உலகப் போர் வந்துபோகிறது. அவருடைய மகன் ஆண்ட்ரூ பிரான்சில் குண்டு வெடித்து இறந்த செய்தியை வூல்ஃப் அடைப்புக்குறிக்குள் ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறார். அதன்பிறகு தோட்டத்தில் கேட்ட வரியை நினைத்தால் சிரிப்பு வராது. மேலே யாரோ தவறிழைக்க, கீழே இளைஞர்கள் செத்த கதையை அப்பா பெருமையாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாம் பகுதியில் படகில் போகும் கிழவரின் வாயில் டென்னிசன் இல்லை. பழைய கவிஞர் கூப்பர் எழுதிய, கடலில் தவறி விழுந்து தனியே மூழ்கும் மாலுமியின் பாட்டு வருகிறது: நாம் அழிந்தோம், ஒவ்வொருவரும் தனியாக.

பைபிள் தெரியாதவர்கள் என்ன செய்வது?

ஆதியாகமம், யோபு, சங்கீதம், நான்கு சுவிசேஷங்கள். இவை தெரிந்தால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். டி. எச். லாரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவருடைய வரிகள் கிரேக்கத்திலிருந்து வந்ததைவிட ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்திலிருந்து வந்தவையே அதிகம். சிறுவயதில் பாடிய கீர்த்தனைகள் உயர்ந்த கவிதைகளைவிடத் தனக்குள் ஆழமாக இறங்கியவை என்று பிற்காலத்தில் எழுதினார். அவருடைய ‘தி ரெயின்போ’ நாவலில் டாம் பிராங்வென் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறார். நாவலின் கடைசியில் பேத்தி முறையாகும் உர்சுலா வானவில்லைப் பார்க்கிறாள். நோவாவின் வெள்ளமும் அதன்பின் கடவுள் தந்த வானவில் உடன்படிக்கையும் மூன்று தலைமுறைக் கதைக்கு எலும்புக்கூடாக நிற்கின்றன. வேதாகமத்தை இவ்வளவு உள்வாங்கிய அந்த நூலைத்தான் 1915-இல் ஆபாசம் என்று சொல்லி நீதிமன்ற உத்தரவின் பேரில் அழித்தார்கள்.

கான்ராட் வேறு மாதிரி. ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ 1899-இல் பத்திரிகையில் வந்தது. காங்கோவைச் சுரண்டும் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஐரோப்பிய நகரம் தனக்கு எப்போதும் வெள்ளையடித்த கல்லறையை நினைவூட்டும் என்கிறான் கதை சொல்லும் மார்லோ. மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இயேசு வேதபாரகரையும் பரிசேயரையும் கண்டித்துச் சொன்னது: வெளியே அழகு, உள்ளே எலும்பும் அசுத்தமும். நகரத்தின் பெயரைச் சொல்லாமலே கான்ராட் தீர்ப்பை எழுதிவிட்டார்.

‘எ பாசேஜ் டு இந்தியா’ என்ற தலைப்பே ஒரு குறிப்பு என்கிறார்களே?

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைத் தலைப்பு அது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த உற்சாகத்தில், கடல்களும் கண்டங்களும் இணைந்து மனிதகுலம் ஒன்றாகிவிடும் என்று விட்மன் பாடினார். 1924-இல் ஃபார்ஸ்டர் அதே தலைப்பை எடுத்துக்கொண்டு, அந்த வழியாக வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று காட்டுகிறார். கடைசிப் பக்கத்தில் இந்திய மருத்துவர் அஜீஸும் ஆங்கிலேய ஆசிரியர் ஃபீல்டிங்கும் குதிரையில் போகிறார்கள். நண்பர்களாக இருக்க இருவருக்கும் ஆசை. குதிரைகள் விலகுகின்றன. பூமியும் கோயிலும் குளமும் சிறையும் சேர்ந்து “இப்போது இல்லை” என்கின்றன, வானம் “அங்கே இல்லை” என்கிறது. விட்மனுக்கான பதில் அதுதான்.

உள்ளே இன்னும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். அஜீஸ் காய்ச்சலில் படுத்திருக்கும் அழுக்கு அறையில் உருதுக் கவிஞர் காலிபின் கவிதையைச் சொல்கிறார். சுற்றியிருப்பவர்கள் சண்டையை மறந்து சற்று நேரம் அமைதியாகிறார்கள். ஒரு கவிதை ஒரு கூட்டத்துக்கே சொந்தமாக இருக்கும் காட்சி இந்த நாவலில் ஆங்கிலேயர் கிளப்பில் இல்லை, இந்த அறையில் இருக்கிறது. அடுத்தது, மராபார் குகைக்குள் மிஸஸ் மூர் கேட்கும் எதிரொலி. “வெளிச்சம் உண்டாகக்கடவது” என்ற ஆதியாகமச் சொல் முதல், சிலுவையில் இயேசு சொன்ன “முடிந்தது” வரை எல்லாமே “பூம்” என்ற ஒரே ஒலியாகக் குறுகிவிட்டதாக அந்தக் கிழவிக்குத் தோன்றுகிறது. கடைசிப் பகுதியில் கோகுலாஷ்டமி. கோயிலில் ‘கடவுளே அன்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைக்கிறார்கள், எழுத்துப் பிழையோடு. குகையில் நொறுங்கிய பைபிள் இங்கே பிழையோடும் சந்தோஷத்தோடும் எழுந்து வருகிறது. ஃபார்ஸ்டர் 1912-13-இலும் 1921-இலும் தேவாஸ் சமஸ்தானத்தில் இருந்தவர். இந்த விழாவை நேரில் பார்த்தவர்.

உட்ஹவுஸ் போன்ற நகைச்சுவை எழுத்திலும் இது உண்டா?

நிறைய. அவருடைய கதைநாயகன் பெர்ட்டி வூஸ்டர் பெரிய பள்ளியில் படித்த பணக்காரர். எந்த வரியும் முழுசாக நினைவில் இல்லை. பணியாளர் ஜீவ்ஸ்தான் கீட்ஸையும் ஷேக்ஸ்பியரையும் எடுத்துக்கொடுக்கிறார். சிரிப்பாகப் படித்துவிடுகிறோம், இங்கேயும் புத்தகம் எஜமானரை விட்டுப் பணியாளரிடம் போயிருக்கிறது என்பதைக் கவனித்தால் செப்டிமஸும் லெனார்டும் அருகில் நிற்பது தெரியும்.

இவர்களில் யாருக்காவது தமிழ் மண்ணோடு தொடர்பு உண்டா?

வூல்ஃபின் கணவர் லெனார்ட் வூல்ஃப் 1904-இல் இலங்கை ஆட்சிப் பணிக்கு வந்து முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் பெரிய தொகுதிகளையும் ஒரு நாயையும் கூடவே கொண்டுவந்தார். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. 1911-இல் ஊர் திரும்பி, வேலையை விட்டுவிட்டு 1913-இல் ‘தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்’ நாவலை வெளியிட்டார். காட்டோரச் சிங்களக் கிராமத்துக் கதை. சிலிந்து என்ற வேட்டைக்காரன் தன் பெண்களுக்குக் காட்டுக் கதைகள் சொல்கிறான். வால்டேரோடு வந்தவர், அந்த மனிதர்களின் வாயில் ஐரோப்பியப் புத்தகங்களைத் திணிக்கவில்லை. நான் அவரை மதிப்பதற்கு முதல் காரணம் இது.

எந்த வரிசையில் படிக்கலாம்?

‘ஹவர்ட்ஸ் எண்ட்’ முதலில். கதை நேராகப் போகும். அடுத்து ‘எ பாசேஜ் டு இந்தியா’. பிறகு ‘மிஸஸ் டாலவே’, ‘டு தி லைட்ஹவுஸ்’. முதல் முறை அடிக்குறிப்புகளைப் பார்க்காமலே படித்துவிடுங்கள். ஒரே சொற்றொடர் இரண்டாம் முறை வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். எழுத்தாளர் வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் பழைய வரியாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது பின்குறிப்புகள் உள்ள பெங்குயின் அல்லது ஆக்ஸ்போர்டு பதிப்பு உதவும். அயர்லாந்துக்காரரான ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ 1922-இல் வந்தது; அதற்கு ஹோமரின் ‘ஒடிசி’யையும் ‘ஹாம்லெட்’டையும் முதலில் முடித்துக்கொண்டு போவது நல்லது. அவசரமே இல்லை, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.